குறைமாதக் குழந்தை பாதுகாப்பாகப் பால் குடிக்கப் பழக: ட்யூபிலிருந்து வீடு வரை

என் மகள் 30ஆம் வாரத்தில் பிறந்தாள். மூக்கு அல்லது வாய் வழியாக வயிற்றுக்குப் பால் கொண்டுபோகும் ட்யூப் இல்லாமல் முழுவதையும் வாயாலேயே குடிக்க அவளுக்கு ஆறு வாரத்துக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகு குறைமாதக் குழந்தை பெற்ற பல அம்மாக்களின் பக்கத்தில் உட்கார்ந்து உதவியிருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லோரும் தடுமாறுவது வரிசையில்தான். உறிஞ்சக் கற்றுக்கொடுப்பதுதான் வேலை என்று நினைத்து அங்கிருந்தே ஆரம்பிக்கிறார்கள். குழந்தைக்கு முதலில் வேண்டியது நிதானமான மூச்சு, அடுத்து விழுங்குதல். உறிஞ்சும் வலு அதற்குப் பிறகுதான்.

காரணம் எளிமையானது. விழுங்கும் ஒவ்வொரு முறையும் மூச்சு ஒரு கணம் நிற்க வேண்டும், உடனே தொடரவும் வேண்டும். நிறைமாதக் குழந்தைக்கு இது தானாக நடக்கும். குறைமாதக் குழந்தைக்கு இந்த இணக்கம் கர்ப்பக் கணக்கில் 32 முதல் 34 வாரத்தில் மெல்லத் தலைகாட்டி, 36, 37 வாரத்தையொட்டித்தான் உறுதிப்படும். அதற்குமுன் அவசரப்படுத்தினால் பால் மூச்சுக்குழாய்ப் பக்கம் போகும்.

இதில் உள்ள ஒவ்வொரு படியையும் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர், செவிலியரோடு சேர்ந்தே எடுங்கள். எத்தனை மில்லி, வாய்வழி எப்போது தொடங்கலாம் என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நெடுநாள் ஆக்சிஜன் தேவைப்பட்ட குழந்தை, இதயக் கோளாறு, பிளவுபட்ட அண்ணம், குடல் அறுவைச் சிகிச்சை என்றால் வரிசையே மாறலாம்.

1. முதலில் வயதைச் சரியாகக் கணக்கிடுங்கள்

“பிறந்து நாலு வாரம் ஆச்சு, இன்னும் குடிக்க மாட்டேங்குது” என்று அழும் அம்மாக்களிடம் நான் முதலில் கேட்பது, எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்றுதான். 28ஆம் வாரத்தில் பிறந்த குழந்தைக்கு நாலு வாரம் ஆனால் அதன் கணக்கு 32. அந்தக் குழந்தை வயிற்றுக்குள் இருந்திருக்க வேண்டிய காலம் அது.

பிறந்த வாரத்தோடு வெளியே இருந்த வாரங்களைக் கூட்டி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி எதை எதிர்பார்ப்பதும் அந்த எண்ணை வைத்துத்தான். பக்கத்துத் தொட்டிலில் இருக்கும் குழந்தையோடு ஒப்பிடும் பழக்கத்தையும் இதே கணக்கு நிறுத்திவிடும்.

2. குழந்தை குடிக்கும் முன்பே பாலைக் காப்பாற்றுங்கள்

வாய்வழி குடிப்பது பல வாரம் கழித்துத்தான். ஆனால் பால் சுரப்பு எவ்வளவு நிலைக்கும் என்பது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே தீர்மானமாகிவிடும். அதனால்தான் இந்தப் படியை இரண்டாவதாக வைத்திருக்கிறேன்.

பிரசவமான முதல் சில மணி நேரத்துக்குள், முடிந்தால் ஆறு மணி நேரம் தாண்டாமல், கையால் பால் எடுக்கத் தொடங்குங்கள். முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதற்குப் பம்பைவிடக் கை நல்லது, சொட்டு வீணாகாது. பால் இறங்கத் தொடங்கியதும் பம்ப். 24 மணி நேரத்தில் 8 முறையாவது எடுக்க வேண்டும். இரவிலும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். இரண்டு வாரம் முடியும்போது ஒரு நாளைக்கு 500 முதல் 750 மில்லி வந்தால் பின்னால் கவலையில்லை. குறைவாக வந்தாலும் எடுப்பதை விடாதீர்கள். எவ்வளவு கிடைத்தாலும் குழந்தைக்கு மருந்துதான்.

இங்கே நடக்கும் பெரிய தவறு: “அது குடிக்கிறதே அஞ்சு மில்லிதானே, அவ்வளவு எடுத்தா போதும்” என்று நிறுத்திக்கொள்வது. மார்புக்குக் குழந்தையின் இன்றைய தேவை தெரியாது. எவ்வளவு எடுக்கப்படுகிறதோ அவ்வளவுதான் அது சுரக்கும். குழந்தை முழுதாகக் குடிக்கத் தயாராகும் நாளில் பால் இருக்காது.

ஒவ்வொரு பாட்டிலிலும் தேதி, நேரம் எழுதுங்கள். சேமிக்கும் விதிகள் என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில்) கூடுதல் கண்டிப்பாக இருக்கும், அங்கே சொல்வதையே பின்பற்றுங்கள்.

3. தோலோடு தோல்

டயப்பர் மட்டும் போட்ட குழந்தையை உங்கள் வெறும் நெஞ்சில் நிமிர்த்திப் படுக்கவைத்து, முதுகைத் துணியால் மூட வேண்டும். முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கு நன்றாகத் தெரிய வேண்டும். கழுத்து மடங்கக் கூடாது. எடை குறைந்த, குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை இப்படி வைத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது இருங்கள். எடுப்பதும் வைப்பதும்தான் குழந்தைக்குக் களைப்பு. பத்து நிமிடத்தில் திரும்ப வைத்துவிட்டால் களைப்பு மட்டுமே மிஞ்சும்.

இது பால் குடிக்கப் பழகுவதோடு எப்படிச் சேர்கிறது? நெஞ்சில் கிடக்கும்போது மூச்சும் இதயத்துடிப்பும் சீராகும், உடல் சூடு நிலைக்கும். அந்த நிதானத்தின் மேல்தான் மற்றவை எல்லாம் நிற்கும். ட்யூபில் பால் போகும் நேரத்தையே இதற்குத் தேர்ந்தெடுத்தால், உங்கள் வாசனையும் வயிறு நிறைவதும் ஒன்று என்று குழந்தை உணரத் தொடங்கும். அப்பாவும் வைத்துக்கொள்ளலாம்.

4. பாலில்லாமல் சப்பப் பழக்குங்கள்

இந்தக் குழந்தைகளின் வாய் இதுவரை அனுபவித்தது ட்யூப், பிளாஸ்டர், சளி உறிஞ்சும் குழாய். வாயருகே எது வந்தாலும் வலி என்று அது கற்றிருக்கும். அதை மாற்றாமல் பாட்டிலைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வதில் வியப்பில்லை.

செவிலியர் அனுமதித்ததும், பஞ்சுக் குச்சியில் சில துளி சீம்பாலைத் தொட்டுக் கன்னத்தின் உள்பக்கம் தடவுங்கள். விழுங்கும் அளவு இருக்காது, சுவை மட்டும்தான். அடுத்த கட்டம், பம்ப் செய்து முடித்த மார்பில் குழந்தையை வைப்பது. பால் ஏறக்குறைய இல்லாததால் மூச்சைக் குழப்பாமல் சப்பிப் பழகலாம். அம்மா பக்கத்தில் இல்லாத நேரத்தில் சிறிய சூப்பான் போதும். இரண்டையும் ட்யூபில் பால் ஏறும் நேரத்திலேயே செய்யுங்கள்.

உதட்டைத் தொட்டுவிட்டுக் காத்திருங்கள், குழந்தையே வாயைத் திறக்கட்டும். விரலையோ சூப்பானையோ உள்ளே தள்ளினால் ஓங்கரிக்கும், நாலு நாள் உழைப்பு போய்விடும்.

5. தயாரா என்று இரண்டு நிமிடம் பாருங்கள்

கடிகாரத்தைப் பார்த்துப் பால் கொடுப்பது ட்யூபுக்குச் சரி. வாய்வழி கொடுக்கும்போது குழந்தையைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் இரண்டு நிமிடம் சும்மா பாருங்கள்.

தானாக விழித்திருக்கிறதா? கையை வாய்க்குக் கொண்டுபோகிறதா, கன்னத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறக்கிறதா? நாக்கை நீட்டுகிறதா? கை கால் மடங்கி உடம்பு திடமாக இருக்கிறதா, துவண்டு தொங்குகிறதா? மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 60க்கு மேல் ஓடினால் அந்த வேளை வாய்வழி வேண்டாம். மூச்சுவிடவே அவ்வளவு உழைக்கும் குழந்தைக்கு விழுங்க இடைவெளி இருக்காது.

அறிகுறி இல்லையென்றால் அந்த வேளைப் பாலை ட்யூபில் கொடுத்துவிடலாம். அதைத் தோல்வி என்று எண்ணி நானே பல இரவு அழுதிருக்கிறேன். இப்போது தெரிகிறது, தூங்கும் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டி எழுப்பி வாயில் வைத்த வேளைகள்தான் எங்களைப் பின்னுக்கு இழுத்தன.

6. மார்பில் முதல் முறை

முடிந்தால் மார்பிலேயே ஆரம்பியுங்கள். அங்கே பால் வரும் வேகம் பெரும்பாலும் குழந்தையின் கையில் இருக்கிறது: உறிஞ்சுவதை நிறுத்தினால் வேகமும் குறையும்.

குழந்தையின் உடலை உங்கள் கைக்கடியில் இடுப்போரம் வைத்து, கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி பிடியுங்கள். அல்லது எதிர்ப்பக்கக் கையால் குறுக்கே தாங்குங்கள். இரண்டிலும் உங்கள் உள்ளங்கை தோள்பட்டைகளுக்கு நடுவிலும், விரல்கள் காதுக்குக் கீழே கழுத்தின் இருபுறமும் இருக்கும். பின்தலையைப் பிடித்து அழுத்தாதீர்கள். அழுத்தினால் குழந்தை அனிச்சையாகத் தலையைப் பின்னால் தள்ளும், மார்பு நழுவும்.

பால் பீறிட்டு வருகிறதென்றால் முதல் ஒரு நிமிடப் பாலைத் தனியே எடுத்துவிட்டு வையுங்கள். தாடை வலுவில்லாமல் நழுவிக்கொண்டே இருந்தால், மார்பைத் தாங்கும் கையின் ஆள்காட்டி விரலாலும் கட்டைவிரலாலும் குழந்தையின் இரு கன்னத்தையும் மெதுவாக அணைத்துப் பிடியுங்கள், தாடை நடுவில் தங்கட்டும். சிலருக்கு மார்பில் பொருத்தும் மெல்லிய சிலிக்கான் கவசம் உதவும். பாலூட்டல் ஆலோசகர் அளவு பார்த்துத் தந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

முதல் நாள் நாலு முறை சப்பிவிட்டுத் தூங்கினாலும் நல்ல நாள்தான். மூன்று முதல் ஐந்து உறிஞ்சல், பிறகு நீண்ட ஓய்வு, மறுபடி மூன்று: இந்த வயதில் தாளம் அப்படித்தான் இருக்கும். ஓய்வில் குழந்தை மூச்சைச் சேர்த்துக்கொள்கிறது, அப்போது கன்னத்தைத் தட்டி எழுப்ப வேண்டாம்.

எவ்வளவு குடித்தது என்று தெரிந்தாக வேண்டுமென்றால், துல்லியமான தராசில் அதே துணி, அதே டயப்பரோடு முன்னும் பின்னும் எடை பார்க்கலாம். ஒரு கிராம் கூடினால் சுமார் ஒரு மில்லி. ஒவ்வொரு வேளையும் பார்க்காதீர்கள், மனம் எண்ணிலேயே நின்றுவிடும்.

7. பாட்டில் என்றால்: படுக்கை, வேகம், இடைவெளி

அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். பாட்டிலில் பால் உறிஞ்சாமலே சொட்டும், குழந்தைக்கு அதை நிறுத்தத் தெரியாது. எனவே நிறுத்தும் வேலையை நீங்கள் செய்ய வேண்டும்.

படுக்கை: உங்கள் ஒரு காலை உயர்த்தி, தொடையின் மேல் குழந்தையைப் பக்கவாட்டில், தலை இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி படுக்க வையுங்கள். ஒரு காது மேலே கூரையைப் பார்க்க வேண்டும். காது, தோள், இடுப்பு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இப்படிக் கிடந்தால் அதிகப்படியான பால் தொண்டைக்குப் போகாமல் கன்னத்தில் தங்கும், அல்லது வாயோரம் வழிந்துவிடும். மல்லாத்தி, தலையைப் பின்னால் சாய்த்துக் கொடுப்பதுதான் நான் பார்த்ததில் மோசமான பழக்கம். பால் நேராக மூச்சுவழியை நோக்கி ஓடும்.

நிப்பிள்: கிடைப்பதில் மிக மெதுவாகச் சொட்டுவதை எடுங்கள். “ரொம்ப நேரம் ஆகுது” என்று ஊசியால் ஓட்டையைப் பெரிதாக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வேகமாகப் பால் வந்தால் குழந்தை விழுங்கியே ஆக வேண்டும், விழுங்கிக்கொண்டே இருந்தால் மூச்சு எடுக்க முடியாது. மெதுவான நிப்பிளில் பல குழந்தைகள் நேரத்தைக் குறைத்து, அளவைக் கூட்டிக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன், நடுவில் திணறி நிற்பதில்லை என்பதால். எந்த நிறுவனத்தின் நிப்பிள் என்பதைவிட, மருத்துவமனையில் பழகிய அதே வேகம் வீட்டிலும் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ‘பிறந்த குழந்தைக்கு’ என்று அட்டையில் போட்டிருப்பதெல்லாம் ஒரே வேகத்தில் சொட்டுவதில்லை.

இடைவெளி: பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்க்காமல் கிடைமட்டத்தில், நிப்பிள் பாதி நிறையும்படி பிடியுங்கள். உறிஞ்சல்களை எண்ணுங்கள். மூன்று முதல் ஐந்துக்குள் குழந்தை தானே மூச்செடுக்க நின்றால் விட்டுவிடுங்கள். நிற்காவிட்டால் நிப்பிளை வாயிலேயே வைத்தபடி பாட்டிலின் அடிப்பக்கத்தைத் தாழ்த்துங்கள், பால் பின்னால் வடிந்துவிடும். இரண்டு மூன்று மூச்சு கேட்ட பிறகு மறுபடி உயர்த்துங்கள். இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும்.

ஒரு வேளைக்கு 20 நிமிடம், மிஞ்சிப்போனால் 30. அதற்குமேல் குடிக்கும் பாலைவிடக் குடிப்பதற்கு ஆகும் உழைப்பு அதிகம், எடை ஏறாது. மீதி ட்யூபில் போகட்டும். பாட்டிலில் மிஞ்சியதை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள்.

கப்பிலோ பாலாடையிலோ கொடுத்தாலும் விதி ஒன்றுதான்: நிமிர்த்தி உட்காரவைத்து, விளிம்பில் பால் உதட்டைத் தொடும்வரை மட்டும் சாய்க்க வேண்டும். குழந்தை நக்கியோ உறிஞ்சியோ எடுக்கட்டும். வாயில் ஊற்றக் கூடாது.

8. “போதும்” என்று குழந்தை சொல்வதைக் கேளுங்கள்

அழுகை கடைசியில்தான் வரும். அதற்கு முன்பே உடம்பு சொல்லிவிடும்: புருவம் மேலேறும், கண் அகல விரியும், விரல்கள் விசிறிபோல் விரியும். வாயோரம் பால் வழியும். மடக்மடக்கென்று சத்தமாக விழுங்கும். விக்கல் வரும், உடம்பை வில்போல் வளைக்கும், தலையைத் திருப்பும். இதில் எதைக் கண்டாலும் பாட்டிலைத் தாழ்த்தி ஓய்வு கொடுங்கள். நிதானமானால் தொடரலாம்.

இன்னொரு வகை அறிகுறிகள் உண்டு. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து அடைவது, விலா எலும்பிடை உள்வாங்குவது, மூச்சில் கீச்சென்ற சத்தம், உதட்டைச் சுற்றிச் சாம்பல் அல்லது நீல நிறம், திடீரென்று துவண்டுபோவது, மானிட்டரில் ஆக்சிஜனோ இதயத்துடிப்போ இறங்குவது. இவை வந்தால் அந்த வேளை அதோடு முடிந்தது. குழந்தை தேறி நின்றாலும் தொடராதீர்கள், செவிலியரிடம் சொல்லுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: குறைமாதக் குழந்தைக்குப் பால் மூச்சுக்குழாயில் போனாலும் இருமல் வராமல் இருக்கலாம். இருமவில்லை, எனவே சரியாகத்தான் குடிக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குடித்த பிறகு தொண்டை கரகரப்பாகக் கேட்பது, அடிக்கடி நெஞ்சில் சளி, குடிக்கும் வேளையில் மட்டும் நிறம் மாறுவது ஆகியவை தெரிந்தால் விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

“இன்னும் அஞ்சு மில்லிதான் இருக்கு” என்று நிப்பிளைத் திருகியும் ஆட்டியும் கடைசிச் சொட்டுவரை இறக்குவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. நானும் செய்தேன். அந்த அஞ்சு மில்லிக்கு விலை, மறுநாள் பாட்டிலைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பும் குழந்தை.

9. புரையேறினால்

பாட்டிலையோ மார்பையோ உடனே எடுங்கள். குழந்தையைப் பக்கவாட்டிலோ முன்னால் சாய்த்தோ பிடித்து, வாயில் இருப்பது வெளியே வடியட்டும். இருமினால் இரும விடுங்கள். மூச்சு நின்றதுபோல் தெரிந்தால் முதுகையும் உள்ளங்காலையும் தேயுங்கள்.

அப்படியும் மூச்சோ சத்தமோ வராவிட்டால் உதவிக்குக் கத்துங்கள், ஒருவர் அவசர ஊர்தியை அழைக்கட்டும். முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை நெஞ்சைவிடத் தாழ்ந்திருக்க, தாடையைத் தாங்கியபடி தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பாகத்தால் ஐந்து தட்டு தட்டுங்கள். துவண்டு மூச்சில்லாமல் கிடந்தால் செயற்கைச் சுவாசமும் நெஞ்சு அழுத்தமும் வேண்டும். இதைப் படித்துக் கற்க முடியாது. வீட்டுக்குப் போகுமுன் பொம்மையில் செய்துகாட்டச் சொல்லி, குழந்தையைப் பார்க்கப் போகும் எல்லோரும் செய்து பழகுங்கள்.

முகத்தில் ஊதுவது, தண்ணீர் ஊட்டுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது மூன்றும் கூடாது.

10. ட்யூபைக் குறைப்பது

ஒரு நாளைக்கு ஒரு வேளை, குழந்தை நன்றாக விழித்திருக்கும் வேளையில் தொடங்குங்கள். அது சுலபமாகப் போனால் இரண்டு. இப்படி ஏறும்போது ஓரிரு நாள் சறுக்கும். தடுப்பூசி, கண் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாட்களில் குழந்தைக்குக் களைப்பு. அன்று ட்யூபுக்குத் திரும்புவதே சரி.

முழு அளவு எவ்வளவு? பல குழந்தைகளுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 150 முதல் 180 மில்லி வரை மருத்துவர்கள் கணக்கிடுவார்கள். 1.8 கிலோ குழந்தைக்கு 160 என்று வைத்தால் நாளுக்கு 288 மில்லி, எட்டு வேளை என்றால் வேளைக்கு 36. உங்கள் குழந்தையின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஒரு வேளை 25, இன்னொரு வேளை 45 என்று குடித்தாலும் மொத்தத்தைப் பாருங்கள்.

11. வீட்டில்

மருத்துவமனையில் கடைசி ஓரிரு நாள் நீங்களே எல்லா வேளையும் கொடுத்துப் பாருங்கள். பிடிக்கும் முறையில் சந்தேகம் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் களைப்பில் தூங்கும் குழந்தை பசிக்கு எழும் என்று நம்பிவிடாதீர்கள். மருத்துவர் வேறு சொல்லும்வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். எழுப்புவதென்றால் துணியை விலக்கி நெஞ்சோடு வைத்து, தானாக விழிக்கக் காத்திருங்கள்.

பவுடர் பால் கிருமியற்றதல்ல, குறைமாதக் குழந்தைக்கு அதில் ஆபத்து கூடுதல். ரெடிமேடாக வரும் திரவ வகை கிடைத்தால் அது நல்லது. பவுடர்தான் என்றால் 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து உடனே கொடுங்கள். எடை ஏற வேண்டுமென்று கரண்டியைக் கூட்டுவதும், மிச்சப்படுத்த நீர் சேர்ப்பதும் இரண்டுமே சிறுநீரகத்துக்கும் உப்புச் சமநிலைக்கும் கேடு.

தேன், சர்க்கரைத் தண்ணீர், வெறும் தண்ணீர் எதுவும் வேண்டாம். எதுக்களிக்கிறதே என்று பாலைக் கெட்டியாக்கும் பொடியை நீங்களாகச் சேர்க்காதீர்கள். சாந்தன் கம் கலந்த ஒரு கெட்டியாக்கியைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011இல் எச்சரித்தது. குடல் அழற்சி பற்றிய புகார்கள் வந்ததுதான் காரணம்.

குடித்ததும் 20, 30 நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்து, பிறகு மல்லாந்து தூங்க வையுங்கள். எதுக்களிப்புக்காகக் குப்புறப் போடவோ தலையணை வைக்கவோ வேண்டாம். இரும்புச் சத்து, வைட்டமின் டி சொட்டு மருந்துகளை நிறுத்தாதீர்கள், இந்தக் குழந்தைகள் போதிய சேமிப்பு இல்லாமலே பிறந்தவர்கள்.

ஒரு நோட்டில் நேரம், அளவு, ஈர டயப்பர், மலம் மட்டும் எழுதுங்கள். நாளுக்கு ஆறு ஈர டயப்பராவது வேண்டும். எடையை வாரம் ஒரு முறை ஒரே தராசில் பாருங்கள். நாளுக்குச் சராசரி 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்ல போக்கு.

பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், வயிறு உப்பிக் கெட்டியாவது, தொடர்ந்து இரண்டு வேளை குடிக்க மறுப்பது, எழுப்பியும் விழிக்காதது, மூச்சு நின்று நின்று வருவது, உடல் வெப்பம் 36 டிகிரிக்குக் கீழே அல்லது 38க்கு மேலே: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அந்த நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தது என்பதைத்தான் அங்கே முதலில் கேட்பார்கள்.